ஏற மட்டும் அனுமதி

கன்னியப்பன் ஒரு வீடு வாங்கினார். அந்த வீட்டுக்குள் ஒரு சர்க்கார் இலாகாவே குடியிருக்கிறது என்பதை, விற்றுவிட்டுக் கப்பலேறிய துரையும் சொல்லவில்லை, பத்திரம் எழுதிய நொத்தேரும் சொல்லவில்லை. தெரிந்திருந்தால் மனுஷன் கனகசெட்டிக்குளத்திலேயே கருவாடு உலர்த்திக்கொண்டு நிம்மதியாக இருந்திருப்பார்.

புதுச்சேரிக்கு அப்போது ஒரு விசித்திரமான காலம். பிரெஞ்சுக்காரர்கள் ஊரைக் கொடுத்துவிட்டுப் போய் நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. கொடுத்தது கொடுத்ததுதான். ஆனால் கொடுத்தோம் என்று எழுதித் தரவேண்டிய காகிதம் மட்டும் பாரீசில் யாருடைய மேஜையிலோ தூங்கிக்கொண்டிருந்தது. ஆகவே ஊருக்குள் இரண்டு சட்டங்கள் நடமாடின. பிரெஞ்சுச் சட்டம் இன்னும் போகவில்லை. இந்தியச் சட்டம் வந்துகொண்டே இருந்தது. ஒரே தப்புக்கு இரண்டு இடத்தில் பதில் சொல்வதும், ஒரே உதவிக்கு இரண்டு இடத்திலும் கைவிரிப்பதைப் பார்ப்பதும் ஜனங்களுக்குப் பழகிப்போயிருந்தது.

கன்னியப்பன் அந்த வீட்டை வாங்கியதே அதற்குள் இருந்த லிப்டுக்காகத்தான். வாத நோய்க்காரரான பழைய துரை பிரான்சிலிருந்து வரவழைத்துப் பூட்டிய இரும்புக் கூண்டு அது. மடக்குக் கதவு, உள்ளே ஒன்றும் கீழ் வாசலில் ஒன்றுமாகப் பித்தளைக் கைப்பிடி, உள்ளே நாலு பேர் நெருக்கி நிற்கலாம். கைப்பிடியை ஒரு பக்கம் திருப்பினால் முனகிக்கொண்டே மேலே போகும், மறுபக்கம் திருப்பினால் முனகிக்கொண்டே கீழே வரும். அந்த முனகலைத் தவிர அது யாருக்கும் ஒரு தொந்தரவும் செய்ததில்லை.

அவர் மனைவி மணியம்மாள் மீன் ஏலம் விடும் இடத்தில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டவள். கம்பை ஊன்றிச் சமதரையில் நடப்பாள். படி என்றால் முடியாது. இன்னொரு தரம் விழுந்தால் படுக்கைதான் என்று வைத்தியர் சொல்லிவிட்டார். ஆனால் கடலைப் பார்க்காமல் அவளுக்கு ஒரு வாய் காப்பி இறங்காது. அதனால் மூன்றாம் மாடியில் இருந்த ஒற்றை அறைதான் அவள் இருப்பிடம். காலையில் முகப்பில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கரைக்கு வரும் கட்டுமரம் தண்ணீரில் எவ்வளவு அமுங்கியிருக்கிறது என்று பார்த்தே அன்றைக்கு மீன் என்ன விலை போகும் என்று சொல்லிவிடுவாள். பிறகு லிப்டில் இறங்கிக் கூடத்தில் அமர்ந்து வியாபாரிகளை ஒரு கை பார்ப்பாள். கன்னியப்பன் பெயரில் நடந்த வியாபாரம் உண்மையில் அந்தக் கூண்டில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

வினை கல்யாணப் பத்திரிகையில் வந்தது. ஒரே மகள் கமலாவை நெல்லித்தோப்பில் ஒரு நல்ல இடத்தில் நிச்சயம் செய்திருந்தார்கள். கல்யாணம் வீட்டுக் கூடத்திலேயே. கன்னியப்பனுக்குத் தன் வீட்டைப் பற்றி உள்ளுக்குள் ஒரு பெருமை. பத்திரிகையின் அடியில் "மேல்மாடிக்குக் காற்று வாங்கச் செல்வோருக்கு லிப்ட் வசதி உண்டு" என்று ஒரு வரி சேர்த்து அச்சடித்துவிட்டார். சும்மா இருந்த மனுஷன் தானே கையெழுத்துப் போட்டுத் தலையைக் கொடுத்த மாதிரி ஆயிற்று.

அந்த ஊரில் ஏற்றப்பெட்டிப் பாதுகாப்பு இலாகா என்று ஒன்று இருந்தது. பிரதேசத்துக்கு ஒன்று இருக்கவேண்டும் என்று எங்கிருந்தோ உத்தரவு வந்து, ஆட்களை நியமித்து, மேஜை நாற்காலியெல்லாம் வாங்கிப் போட்டபிறகுதான் ஊரில் சோதிக்க ஒரு லிப்ட்கூட இல்லை என்று தெரிந்தது. அதற்காக இலாகா சோர்ந்து உட்கார்ந்துவிடவில்லை. கிணற்று ராட்டினங்களைப் பார்த்துக் குறிப்பெழுதினார்கள். சர்க்கஸ் வந்தபோது ஊஞ்சலைப் பார்த்தார்கள். அப்படி ஏங்கிக் கிடந்தவர்களிடம் கமலாவின் கல்யாணப் பத்திரிகை போய்ச் சேர்ந்தது.

பிரதம ஆய்வாளர் சக்கரபாணி அன்று மாலையே வந்துவிட்டார். சென்னைப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்தவர். நெற்றியில் திருநீறு, சட்டைப் பையில் மூன்று பேனா. கூண்டை அவர் சுற்றிச் சுற்றிப் பார்த்தது, பெண் பார்க்க வந்தவர் பெண்ணைப் பார்ப்பது போலிருந்தது.

"எங்க இலாகா ஆரம்பிச்ச நாள்லேருந்து இந்த ஊர்ல ஒரு லிப்ட் விபத்து கிடையாது. ஏன் தெரியுமா?" என்று கேட்டார்.

"லிப்டே கெடையாதுங்களே" என்றார் கன்னியப்பன்.

"அதேதான்! அவ்வளவு பாதுகாப்பா ஊரை வெச்சிருந்தோம். நீங்க ஒருத்தர் வீடு வாங்கிக் கெடுத்துட்டீங்க."

கன்னியப்பன் கை கட்டி நின்றார். "மன்னிச்சிக்குங்க ஐயா" என்றார்.

"பரவாயில்லை. பம்பாயில ஆயிரம் லிப்ட் இருக்கும். ஆய்வாளர் வருவார், அஞ்சு நிமிஷம் பார்ப்பார், போயிடுவார். அந்த அலட்சியம் உங்களுக்கு நடக்காது. எங்க மொத்த இலாகாவோட மொத்த கவனமும் இனிமே உங்க ஒருத்தர் மேலதான்."

கன்னியப்பன் இதை ஏதோ சலுகை என்று நினைத்துக் கும்பிட்டார். பாவம்.

சக்கரபாணி கதவுக்கு வந்தார். "இந்தியச் சட்டப்படி கட்டட உரிமையாளர் லிப்ட் கதவை உள்பக்கமாத் திறக்கிற மாதிரி வைக்கணும். பழைய பிரெஞ்சு ஆணைப்படி வெளிப்பக்கமாத் திறக்கணும்."

"இது மடக்குக் கதவுங்க. பக்கவாட்டுல போவும்."

"அதாவது ரெண்டு சட்டத்தையும் மீறுது."

"அப்ப என்னாதாங்க பண்றது?"

"கதவு திறக்காமலே இருந்தா ரெண்டு சட்டத்துக்கும் திருப்தி" என்றார் சக்கரபாணி. சொன்ன கையோடு மெழுகுவத்தியைக் கொளுத்தி, அரக்கை உருக்கிக் கதவில் முத்திரை வைத்துவிட்டார். முத்திரையை யாராவது உடைத்தால் வீடு சர்க்காருக்குப் போய்விடும் என்று அன்பாகத் தெரிவித்தார். காவலுக்குப் பஞ்சநாதன் என்ற சிவப்புத் தொப்பிப் போலீஸ்காரரையும் கூண்டுப் பக்கத்தில் நிறுத்தினார்.

கன்னியப்பனுக்கு அப்போதுதான் உறைத்தது. "ஐயா, ஐயா! எங்க வீட்டுக்காரி மேல இருக்கிறா!"

"லிப்டுக்குள்ளயா?"

"இல்லீங்க, மாடியில. அவளால படி எறங்க முடியாது."

"லிப்டுக்குள்ள இல்லேல்ல? அப்ப பாதுகாப்பா இருக்காங்க" என்றார் சக்கரபாணி.

"நீங்களே ஒரு தரம் மேல வந்து அவளப் பாருங்க ஐயா. பாத்தா உங்களுக்கே புரியும்."

சக்கரபாணி படிக்கட்டை ஏறிட்டுப் பார்த்துவிட்டு இரண்டு எட்டு பின்வாங்கினார். "படிக்கட்டு எங்க இலாகாவுல வராது. அது கட்டட இலாகா. நான் உத்தியோக நேரத்துல அதுல கால் வெச்சா அவங்க எல்லைக்குள்ள நுழைஞ்சதா ஆயிடும். போன வருஷம் ஒரு மணிக்கூண்டுல நாலு படி ஏறிட்டு மெமோ வாங்கினவன் நான்" என்று சொல்லிவிட்டுச் சமதரையில் நடந்து போனார்.

மேலேயிருந்து மணியம்மாளின் குரல் வந்தது. "ஏ கமலாப்பா! யாரு அது, என் பொட்டிக்கு மெழுகு பூசிட்டுப் போறவன்?"

கன்னியப்பன் மூச்சிரைக்க ஏறிப் போய் விஷயத்தைச் சொன்னார். கல்யாணத்துக்கு ஒரு வாரம்கூட இல்லை. அவர் சொல்லி முடித்ததும் மணியம்மாள் கடலுக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்தாள். அப்புறம், "எம் பொண்ணு கழுத்துல தாலி ஏறறத நான் பாக்கணும். அவ்ளோதான். நீ என்னா பண்ணுவியோ எனக்குத் தெரியாது" என்றாள். குரல் கொஞ்சம் உடைந்திருந்தது. அவள் குரல் உடைந்து கன்னியப்பன் கேட்டதில்லை.

ஊரிலிருந்து உறவுக்கார வாலிபர்கள் வந்து பார்த்தார்கள். மாடிப்படியோ சுழல் படி. ஒரு ஆள் ஒடுங்கிப் போகலாமே தவிர, நாற்காலியில் ஒருவரை வைத்துத் தூக்கி வர இடம் கிடையாது. மணியம்மாளும் லேசுப்பட்ட உடம்புக்காரி இல்லை. "பெரிய வலையில உக்காத்தி வெச்சி முகப்புலேருந்து கயிறு கட்டி எறக்கிடலாம், அத்த" என்றான் ஒருவன்.

"நான் என்னா சுறாவா? போடா அந்தாண்ட" என்று அவள் கம்பை ஓங்கினாள்.

கல்யாணத்தை மேலே வைத்துக்கொள்ளலாமா என்றால், ஒற்றை அறையில் மணவறையே கொள்ளாது. கமலாவோ, அம்மா இல்லாமல் மணையில் உட்காரமாட்டேன் என்று ஒரே பிடிவாதம்.

மறுநாள் கன்னியப்பன் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு இலாகாவுக்குப் போனார். ஏற்றப்பெட்டி இலாகா தரைத்தளத்தில் இருந்தது. மாடியில் இடம் கொடுத்தபோது, ஏறுவது ஆபத்து என்று அவர்களே மறுத்துவிட்டார்களாம். சக்கரபாணிக்குப் பக்கத்து மேஜையில் தெய்வசிகாமணி என்ற பெரியவர் கழுத்துப் பட்டியும் கோட்டுமாக உட்கார்ந்திருந்தார். பிரெஞ்சு சர்க்காரிலேயே தலை நரைத்தவர். பழைய ஆணைகளுக்கு அர்த்தம் சொல்வதற்காக அவரைப் புது சர்க்காரும் வைத்துக்கொண்டிருந்தது.

"பொன்ழூர், மொசியே கன்னியப்பன்" என்று அவர் எழுந்து கை கொடுத்தார். "உங்க விஷயத்தை ராத்திரியெல்லாம் யோசிச்சேன். லிப்டுக்கு ஆணையில என்ன வார்த்தை போட்டிருக்கு தெரியுமா? அசான்சேர்! என்ன அர்த்தம்? ஏறுறது. நம்ம மாதா கோயில்ல அசான்சியோன் திருநாள் கொண்டாடுறோமே, ஆண்டவர் பரலோகத்துக்கு ஏறின நாள். அன்னிக்கு ஏறினாரே, அன்னிக்கே இறங்கினாரா?"

"இல்லீங்க" என்றார் கன்னியப்பன். கோயில் விஷயம் அவருக்கு அவ்வளவாகத் தெரியாது. ஆனால் மறுக்கத் தைரியம் வரவில்லை.

"வுவாலா! ஆக, ஆணையில இருக்கிறது ஏற்றம் மட்டும்தான். அசான்சேர் இறங்குறதா எங்கயும் ஒரு வரி கிடையாது."

"இங்கிலீஷ்லயும் அப்படித்தான்" என்று சக்கரபாணி உற்சாகமாகச் சேர்ந்துகொண்டார். "லிப்ட்னா தூக்குறது. இறக்குறதுன்னு எந்த அகராதியிலயும் போடலை. மிஸ்டர் கன்னியப்பன், இந்த ஊர்ல ரெண்டு சர்க்காரும் ஒரே கருத்துக்கு வந்த முதல் விஷயம் உங்களோடதுதான். நீங்க சந்தோஷப்படணும்."

"சரக்கு ஏத்துற பொட்டின்னு எழுதிக்குங்களேன். எங்க வீட்டுல கருவாடும் வெச்சிருக்கிறோம்."

தெய்வசிகாமணி வருத்தத்துடன் தலையை ஆட்டினார். "அதுக்குப் பேரு மோந்த்-ஷார்ஜ். மோந்த்னாலும் ஏறுறதுதான், மொசியே. அந்தப் பாஷையில அப்படித்தான் அமைஞ்சு போச்சு."

"ஐயா, மேல ஏறின பொட்டி கீழ வரலன்னா அடுத்த ஆளு எப்பிடி ஏறுவான்?"

"அடுத்த ஆள் மனு போடட்டும், அப்ப யோசிப்போம். மனுவே போடாதவங்களுக்கு நாங்க கவலைப்பட முடியாது" என்றார் சக்கரபாணி. "ஏற மட்டும் லைசென்ஸ் தரலாம். அதுக்கு நாங்க சோதனை ஓட்டம் ஒண்ணு நடத்தணும். எங்களுக்கு வசதிப்பட்ட நாள் வெள்ளிக்கிழமை."

வெள்ளிக்கிழமைதான் முகூர்த்தம். சாதாரண மனுஷர்களுக்கு இந்த இடத்தில் ஒரு யோசனை தோன்றும், கன்னியப்பனுக்கும் தோன்றியது. இவர்களை மேலே ஏற்றிவிட்டால் போதும். மேலே போனவர்கள் வீட்டுக்குப் போகக் கீழே வந்துதானே ஆகவேண்டும்? வரும்போது மணியம்மாளும் கூட வந்துவிடுவாள். இந்த யோசனையின் அழகில் அவரே மயங்கி, வழியெல்லாம் தனக்குத்தானே சிரித்துக்கொண்டு வீடு வந்தார். அதிகாரிகளைச் சாதாரண மனுஷர்கள் என்று நினைத்ததுதான் அவர் செய்த பிழை.

வெள்ளிக்கிழமை காலை கூடம் நிறைய ஜனம். மணவறையை லிப்டுக்கு நேர் எதிரே போட்டிருந்தார்கள். கதவு திறந்தால் மணியம்மாள் நேராக மகள் முகத்தில் விழிக்கவேண்டும் என்பது கன்னியப்பனின் ஏற்பாடு. நாதஸ்வரக்காரர் சீவாளியை நனைத்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை பட்டுவேட்டியில் வியர்த்துக்கொண்டிருந்தார்.

சக்கரபாணியும் தெய்வசிகாமணியும் மாலையோடு வந்தார்கள். மாலை மணமக்களுக்கு அல்ல, லிப்டுக்கு. முத்திரையைப் பிரித்தார்கள். கூண்டுக்கு முன்னால் தேங்காய் உடைத்தார்கள். சக்கரபாணி ஜனத்தைப் பார்த்துத் தொண்டையைக் கனைத்தார். தாலி கட்டுவதைப் பார்க்கக் கூடியிருந்த ஜனம் வேறு வழியில்லாமல் கேட்டது.

"பெரியோர்களே! பாதுகாப்பு என்பது என்ன? ஒரு பொருளை யாரும் உபயோகிக்காமல் பார்த்துக்கொள்வதே பாதுகாப்பு. உபயோகம் என்று வந்துவிட்டாலே ஆபத்துதான். அந்த ஆபத்து நேராதபடி எங்கள் இலாகா இரவு பகலாக உழைக்கிறது. எங்கள் உழைப்பினால்தான் இந்த லிப்ட் இத்தனை நாளாக ஓடவில்லை!"

மாப்பிள்ளை வீட்டார் இரண்டு பேர் கை தட்டினார்கள். அதிகாரிகள் இருவரும் கூண்டில் ஏறினார்கள். பஞ்சநாதன் கதவைச் சாத்தினார். கூண்டு முனகிக்கொண்டு மேலே போய் நின்றது. கன்னியப்பன் படிவழியே தாவி ஓடினார்.

மணியம்மாள் அரக்குப் பட்டுப் புடவையும் பச்சைக் கரையும் வெள்ளை ரவிக்கையுமாகக் கம்பை ஊன்றித் தயாராக நின்றிருந்தாள். "வாங்க. எறங்கலாமா?" என்றாள்.

"ஏற்றம் பரம திருப்தி. லைசென்ஸ் உண்டு" என்று சக்கரபாணி அறிவித்துவிட்டு, முகப்பில் கிடந்த அவளுடைய நாற்காலியில் போய் உட்கார்ந்தார். "காத்து அருமையா வருதே."

"எப்பங்க எறங்கறது?" என்றார் கன்னியப்பன்.

"அதான் சொன்னோமே. இறக்கத்துக்கு வழியில்லை. விளக்கம் கேட்டு டில்லிக்கு எழுதியிருக்கோம். டில்லி பாரீசுக்கு எழுதும்."

"அதுவரைக்கும் நீங்க?"

"இங்கதான். படிக்கட்டுத்தான் வேற இலாகாவாச்சே" என்றார் சக்கரபாணி. அவர் முகத்தில் கலவரத்தின் சாயல்கூட இல்லை. பயணப்படியோடு கடற்காற்று கிடைத்த திருப்திதான் இருந்தது.

கீழேயிருந்து புரோகிதர் குரல் கொடுத்தார். "பொண்ணுக்கு அம்மாவ அழைச்சிண்டு வாங்கோ! நல்ல நேரம் முடியப்போறது!" பின்னாலேயே கமலா அழும் சத்தம் கேட்டது. மணியம்மாள் புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வியாபாரிகளை நடுங்க வைத்தவள், கூண்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அதைப் பார்த்ததும் கன்னியப்பனுக்கு எங்கிருந்தோ கோபம் வந்தது. வாழ்நாளில் சர்க்கார் ஆளிடம் குரலை உயர்த்தாத மனுஷன், அன்றைக்கு மேல்மாடி அதிரக் கத்தினார்.

"ஏன்யா, வெள்ளக்காரன் இத்தினி காலம் இந்த ஊர ஆண்டானே, எல்லாத்தையும் ஏத்திக்கினேவா இருந்தான்? ஒண்ணக்கூடவா எறக்கல? கொடிய எறக்கலயா? அம்பத்து நாலுல ஊரே பாக்க எறக்கினாங்களே, அதுக்கு யாருய்யா லைசென்ஸ் குடுத்தது?"

சொன்னபிறகுதான் சொன்னது என்னவென்று உணர்ந்து வாயைப் பொத்திக்கொண்டார். இதோ ஜெயில்தான் என்று நினைத்தார்.

ஆனால் தெய்வசிகாமணி மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு எழுந்து நின்றார். கண்ணில் ஒரு பிரகாசம். "மொசியே சக்கரபாணி! கேட்டீங்களா? முன்னுதாரணம்!"

சக்கரபாணியும் மெல்ல எழுந்தார். "ஆமாம்... ரெண்டு சர்க்காரும் சேர்ந்து சம்மதிச்ச ஒரே இறக்கம் அதுதான்."

"அலோர், அப்படின்னா மதாம் கொடியா இறங்கட்டும்."

"என்னாவா எறங்கறது?" என்றாள் மணியம்மாள்.

"கொடியா, மதாம். மரியாதையா, முறைப்படி."

அவள் தன் உடம்பை மேலிருந்து கீழாக ஒரு தரம் பார்த்துக்கொண்டாள். "கொடியோ கம்பமோ, என்னாவோ ஒண்ணு. எம் பொண்ணு கண்ணாலத்த நான் பாக்கணும். எறக்குங்க."

அதிலும் ஒரு சிக்கல் வந்தது. சக்கரபாணி அவள் புடவையை உற்றுப் பார்த்தார். "பச்சைக் கரை, வெள்ளை ரவிக்கை... காவி எங்கயாவது இருக்கா? நம்ம கொடியை இறக்கின மாதிரி ஆயிட்டா என் உத்தியோகம் போயிடும்."

"காவி இல்ல. அரக்குத்தான்" என்றார் கன்னியப்பன்.

"அரக்கு சிவப்போட சேரும்" என்றார் தெய்வசிகாமணி. "சிவப்பு இருக்கு, வெள்ளை இருக்கு. பிரெஞ்சுக் கொடிக்கு நீலம் மட்டும்தான் குறையுது."

மணியம்மாள் கொடியில் உலர்ந்துகொண்டிருந்த நீலக் கட்டம்போட்ட துண்டை உருவித் தோளில் போட்டுக்கொண்டாள். "போதுமா?" என்று கேட்டுக்கொண்டே கூண்டுக்குள் போனாள். அதிகாரிகளும் பின்னாலேயே ஏறப்போனார்கள். வாசலில் தெய்வசிகாமணி சட்டென்று நின்றார். கொடி இறங்கும்போது அதிகாரிகள் விறைப்பாக நின்று வணக்கம் வைப்பதுதான் முறை, கொடியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு கூடவே வருவது மரபல்ல என்று அவருக்கு நினைவு வந்துவிட்டது. இருவரும் மேலேயே நின்று நெற்றியில் கை வைத்தார்கள்.

கன்னியப்பன் சுழல் படியில் உருளாத குறையாக இறங்கி ஓடினார். "எல்லாரும் எழுந்து நில்லுங்க! யாரும் பேசாதீங்க! கமலாம்மா எறங்குறா!"

ஏன் என்று யாருக்கும் புரியவில்லை. ஆனாலும் கூடமே எழுந்து நின்றது. பஞ்சநாதன் சிவப்புத் தொப்பியைச் சரிசெய்துகொண்டு சல்யூட் வைத்தார். கமலா ஓடிவந்து மணையில் உட்கார்ந்து லிப்டையே பார்த்தாள்.

"என்னாங்க வாசிக்கிறது?" என்று நாதஸ்வரக்காரர் கேட்டார்.

"கொடி எறங்குதுய்யா! பெருசா ஏதாவது வாசி!"

எல்லோரும் எழுந்து நிற்கிற பெரிய நேரம் என்றால் அவருக்குத் தெரிந்தது ஒன்றுதான். தவில்காரருக்குக் கண்ணைக் காட்டினார். கெட்டிமேளம் முழங்கியது.

கெட்டிமேளம் கேட்டால் மாப்பிள்ளை என்ன செய்வார்? நல்ல நேரம் போகிறதே என்று தவித்துக்கொண்டிருந்த புரோகிதர் தாலியை எடுத்து அவர் கையில் கொடுத்தார். கூண்டு முனகிக்கொண்டே இறங்கியது. முதலில் மணியம்மாளின் கம்பு தெரிந்தது, பிறகு பச்சைக் கரை, பிறகு நீலத் துண்டு. அவளுக்கோ கம்பி இடுக்கு வழியாக முதலில் வாழை மரத்தின் உச்சி தெரிந்தது, பிறகு மணவறையின் பூச்சரம், பிறகு மகளின் தலை. கூண்டு தரையைத் தொட்ட அதே நேரத்தில் மூன்றாவது முடிச்சு விழுந்தது. கமலா தலையைக் குனியவே இல்லை. தாலி ஏறும்போது அவள் அம்மாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். மணியம்மாள் வாய்விட்டு அழுதாள். கன்னியப்பனும் அழுதார். ஒரு கை அட்சதையை எடுத்துப் பாதியை மணமக்கள் மேலும் பாதியைக் கூண்டின் மேலும் போட்டார்.

அப்புறம் பின்கட்டில் பந்தி போட்டார்கள். முதல் பந்தியிலேயே மணியம்மாளைச் சம்பந்தியம்மாளுக்குப் பக்கத்தில் தனி நாற்காலியும் மேஜையும் போட்டு உட்கார வைத்தார்கள். வடை சுடும் வாசனை படிக்கட்டு வழியாக மேலே போயிற்று. கொஞ்ச நேரத்தில் மேலேயிருந்து ஒரு குரல் வந்தது.

"மிஸ்டர் கன்னியப்பன்! பெட்டியை மேல அனுப்புங்க!"

கன்னியப்பன் மறுக்கவில்லை. ஏறுவதற்குத்தான் லைசென்ஸ் இருக்கிறதே. உடனே அனுப்பினார். கூண்டு மேலே போய் நின்றது. கதவு திறந்து மூடும் சத்தமும் கேட்டது. அதற்குமேல் ஒரு சத்தத்தையும் காணோம். இரண்டு பேரும் உள்ளே நின்று யோசிக்கிறார்கள் என்று தெரிந்தது.

கடைசியில் சக்கரபாணியின் குரல் கொஞ்சம் இளைத்துக் கேட்டது. "மிஸ்டர் கன்னியப்பன்... நாங்க கொடியா இறங்குறோம். எல்லாரையும் எழுந்து நிக்கச் சொல்லுங்க!"

கன்னியப்பன் பந்தியைப் பார்த்தார். எல்லோரும் சாம்பாரைப் பிசைந்துகொண்டிருந்தார்கள். என்ன செய்வது என்பது போல மனைவியைப் பார்த்தார்.

மணியம்மாள் அப்பளத்தை நொறுக்கிச் சோற்றில் கலந்தாள். "நல்லா இருக்குதே கதை! பந்தியில உக்காந்தவங்கள பாதியில எழுப்புவாங்களா? கடைசிப் பந்தி முடியட்டும்" என்றாள். "மேலதான இருக்காங்க? பாதுகாப்பாத்தான் இருப்பாங்க."

கன்னியப்பன் இரண்டாம் பந்திக்கு இலை போடச் சொல்லிவிட்டு, அவளுக்கு இன்னொரு வடை வைத்தார்.